ஒன்றரை லிட்டர் போதுமா என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணம்மா,

வாங்கப்போகிற மாஸ்டா எம்எக்ஸ்-5-க்கு, அந்த ரெண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு, 1.5 லிட்டர் இன்ஜின் போதுமா, 2.0 லிட்டர் வேண்டுமா என்று நேற்று நீ போனில் கேட்டபோது "ரெண்டையும் ஓட்டிப் பாரும்மா, உனக்கே தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது, அது பதிலே இல்லை. அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் பெரிய இன்ஜின்தான் பிடிக்கும். மிதித்ததும் முதுகை சீட்டோடு அழுத்துகிறதே, அது யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் மூன்று வருஷம் வைத்து ஓட்டும்போதும் எது பிடித்துக்கொண்டே இருக்கும் என்பதற்கு அந்த அரை மணி நேரம் பதில் சொல்லாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய இரண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5-ல் 2016 மாடல் 1.5 லிட்டரை எடு. 2017 மாடல் 2.0 வேண்டாம். இதே கேள்வியை 2018-க்குப் பிறகு வந்த 2.0-வை வைத்துக் கேட்டிருந்தால் என்னால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, அதையும் கீழே எழுதுகிறேன்.

விளம்பரத்தில் நீ பார்த்த எண்கள் 131 குதிரைத்திறன், 160 குதிரைத்திறன். முறுக்குவிசை, அதாவது டார்க், 150 நியூட்டன் மீட்டரும் 200 நியூட்டன் மீட்டரும். மூன்றில் ஒரு பங்கு டார்க் கூடுதல், அதே அளவு வண்டி, அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பவர் எந்தச் சுற்றில் வருகிறது என்று பார்த்தாயா? சின்ன இன்ஜின் தன் முழு பவரையும் 7000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 7000 சுற்றில், கொடுக்கிறது, 7500 வரை சுற்றும். அந்தக் காலத்து 2.0 தன் பவரை 6000-லேயே கொடுத்து முடித்துவிடும், 6800-ல் சிவப்புக் கோடு, அதற்கு மேல் சுற்றக் கூடாது. எனக்கு எல்லாமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

காரணம் இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. 1.5-ல் பிஸ்டன், அதாவது சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வருகிற உலோகத் துண்டு, மேலிருந்து கீழே போகும் தூரம் 85.8 மில்லிமீட்டர், 2.0-வில் 91.2. சிலிண்டர் விட்டமும் 74.5-லிருந்து 83.5 ஆகிவிடுகிறது, அதனால் பிஸ்டன் பெரியது, கனமும் கூட. 7500 சுற்று என்றால் ஒரு நொடிக்கு 125 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை நின்று திரும்ப வேண்டும். சுற்று ஏற ஏற அப்படித் திருப்புவதற்கான விசை அதன் இருமடிக்கு ஏறும். கனமான பிஸ்டனை நீண்ட தூரம் அனுப்பித் திருப்புகிற இன்ஜின் மேலே போகப் போகத் திணறும், காதாலேயே கேட்கலாம். இத்தனை வருஷம் இன்ஜின் பிரித்து மாட்டியவன் சொல்கிறேன், 5500-க்கு மேல் அந்த 2.0 "போதும், மாத்து" என்கிறது. 1.5 அதே இடத்தில்தான் வாயைத் திறக்கிறது.

போன வருஷம் ஒரு நண்பரின் 1.5-ஐயும் அவர் தம்பியின் பழைய 2.0-வையும் ஒரே காலையில், ஒரே மலைச்சாலையில் மாற்றி மாற்றி ஓட்டினேன் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? 2.0-வில் ஏறும்போது மூன்றாவது கியரில் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். கொண்டை ஊசி வளைவில் கூட கியரைத் தொட வேண்டியதில்லை, மிதித்தால் ஏறும். வசதி. அப்புறம் 1.5-ல் அதே வளைவு. அதற்கு முன்பே பிரேக், கிளட்ச், இரண்டாவது கியர், குதிகாலால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி சுற்றைக் கூட்டி, கிளட்சை விட்டு, வளைவின் நடுவில் மெதுவாக மிதித்து, வெளியே வரும்போது முழுசாக மிதித்தால் ஊசி நாலாயிரம், ஐந்தாயிரம், ஆறாயிரம் என்று ஏறுகிறது, சத்தம் மெலிந்து கூர்மையாகிறது, உள்ளங்கைக்குள் கியர் லிவர் லேசாக நடுங்குகிறது, 7000 தாண்டி மணிக்கட்டை மட்டும் அசைத்து மூன்றாவது. மேலே போய்ச் சேர்ந்தபோது எந்த வண்டியில் சீக்கிரம் வந்தேன் என்று கேட்டால் பெரியதில்தான். எதில் ஓட்டினேன் என்று கேட்டால் சின்னதில்.

1.5-ல் இரண்டாவது கியரை முழுசாகச் சுற்றினாலே வேகம் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். மூன்றாவதில் முழுசாகப் போனால் 140-ஐத் தாண்டிவிடும். அதாவது சாதாரணச் சாலையில், சட்டத்துக்கு உட்பட்டு, ஒரு இன்ஜினை அதன் கடைசிச் சுற்று வரை அனுபவிக்க உனக்குக் கிடைப்பது முதல் இரண்டு கியர், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தில் அதிக நேரம் மிதித்தபடி இருக்க விடுவது எது? சின்ன இன்ஜின். பெரியதில் மிதித்த காலை உடனே எடுக்க வேண்டியதாகிவிடும். தொழிற்சாலைக் கணக்குப்படி 0-விலிருந்து 100-க்கு சின்னதற்கு 8.3 நொடி, அந்த 2.0-வுக்கு 7.3. ஒரே ஒரு நொடி.

நீ பள்ளியில் படித்தபோது நம்மிடம் ஒரு ஆறு சிலிண்டர் வண்டி இருந்ததே, அதை ஏன் விற்றேன் என்று நீ கேட்டதில்லை. நல்ல வண்டிதான், ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. இரண்டு வருஷத்தில் அதன் ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஏதோ ஒன்றை அடக்கி வைத்திருப்பது போல இருந்தது, அது எனக்கு வருத்தமாகவே இருந்தது. அந்த வருத்தம் உனக்கு வேண்டாம் என்பதுதான் இந்தக் கடிதத்தின் பாதி.

சரி, 2.0-வின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அது நேர்மையில்லை. நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் 100-ல் போய்க்கொண்டிருக்கும்போது 1.5 ஏறக்குறைய 2500 சுற்றில் இருக்கும். அங்கே மிதித்தால் ஒன்றும் நடக்காது, முன்னால் ஒரு லாரி போகிறதென்றால் நேராக மூன்றாவதுக்கு இறக்க வேண்டும், அப்போது 5000-க்குக் கொஞ்சம் மேலே வரும், அதன் அதிகபட்ச டார்க் வருகிற 4800-ஐ ஒட்டி. அங்கிருந்து நன்றாகவே போகும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதைச் செய்ய வேண்டும், ஓவர்டேக் செய்ய இன்னும் கொஞ்சம் நீளமான இடைவெளி பார்த்துக் காத்திருக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் நெடுஞ்சாலையிலேயே போகிறவளாக இருந்தால் நான் 2.0 என்றுதான் எழுதியிருப்பேன். உன் வேலைக்கு நீ ரயிலில் போகிறாய். இந்த வண்டி சனி, ஞாயிறுக்கு.

இன்னொன்று. அந்த வருஷத்து வண்டிகளில், பல நாடுகளில் 2.0 வாங்கினால்தான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் கிடைத்தது (டிஃபரென்ஷியல் என்றால் இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்), முன் பிரேக் டிஸ்க்கும் கொஞ்சம் பெரியது. இந்த டிஃபரென்ஷியல் சும்மா இல்லை. வளைவில் வண்டி சாயும்போது உள்பக்கப் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறையும், சாதாரண டிஃபரென்ஷியலில் பாரமில்லாத அந்தச் சக்கரம் சும்மா சுற்றிவிட்டு இழுவையை வீணாக்கும். லிமிடெட் ஸ்லிப் அதைப் பிடித்து, மற்ற சக்கரத்துக்கும் விசையைக் கொண்டுபோகும். என்னைக் கேட்டால் 2.0 வாங்குகிற பலர் இன்ஜினை விட இதற்காகத்தான் பணம் கொடுக்க வேண்டும். ஆனால் 131 குதிரைத்திறனில், காய்ந்த சாலையில், நீ ஓட்டுகிற விதத்தில் இது இல்லாத குறை எப்போதாவதுதான் தெரியும். ரேஸ் டிராக்குக்கு அடிக்கடி போகப்போகிறேன் என்று பிறகு தோன்றினால் தனியாக மாட்டலாம், நானே மாட்டித் தருகிறேன்.

2018-ல் வந்த மாற்றத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. மாஸ்டாக்காரர்கள் 2.0-வைத் திரும்பப் பிரித்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பிஸ்டனிலும் 27 கிராம், பிஸ்டனைத் தாங்கிச் சுழற்றும் ஒவ்வொரு கனெக்டிங் ராடிலும் 41 கிராம் எடை குறைத்தார்கள். கையில் வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாத எடை. ஆனால் அந்த மாதிரி மாற்றங்களால் சிவப்புக் கோடு 6800-லிருந்து 7500-க்குப் போனது, பவர் 160-லிருந்து 184 ஆனது, அதுவும் 7000 சுற்றில். சின்ன இன்ஜினிடம் மட்டும் இருந்த அந்த மேல் சுற்று சந்தோஷம் பெரியதற்கும் வந்துவிட்டது. கூடவே ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் இழுத்து வைக்கும் வசதியும் வந்தது, உன் உயரத்துக்கு அது ஒரு பெரிய விஷயம், அதற்கு முந்தைய வண்டிகளில் மேலும் கீழும் மட்டும்தான் நகரும். ஆகவே இன்னும் ஒரு வருஷம் காத்திருந்து, சேர்த்து வைத்து, 2019 மாடல் 2.0 வாங்குகிறேன் என்று நீ சொன்னால் அப்பா குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் காத்திருக்கச் சொல்லவும் மாட்டேன். நீ நான்கு வருஷமாக இந்த வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாய்.

எந்த வண்டிக்குச் சின்ன இன்ஜின் பொருந்தும், எதற்குப் பெரியது என்று பார்க்க அதைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதும் ஒரு வழி. இந்தத் தலைமுறை 2015-ல் விற்பனைக்கு வந்தபோது ஜப்பானில் துணிக் கூரை வண்டிக்கு 1.5 மட்டும்தான் வைத்தார்கள், அடிப்படை மாடலின் எடை அங்கே 990 கிலோ. பிறகு வந்த, கடினக் கூரை மடங்கும் ஆர்எஃப் என்ற மாடல் கனமானது, அதற்கு அங்கே 2.0 கொடுத்தார்கள். 1989-ல் வந்த முதல் வண்டியும் 1.6-தான். 1993-ல் 1.8 வந்தபோது உடம்புக்குக் கூடுதல் கம்பிகள் வைத்து உறுதிப்படுத்தினார்கள், அதனால் எடையும் ஏறியது, கூடிய பவரில் ஒரு பங்கை அந்த எடையே தின்றுவிட்டது. இன்று வரை பழைய 1.6-ஐத் தேடிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், இது இன்ஜினைப் பற்றியதே இல்லை, உன்னைப் பற்றியது. நீ ஓட்டக் கற்றுக்கொண்ட அந்தப் பழைய காரில் சுற்று காட்டும் மீட்டரே கிடையாது. முதல் வாரம் "எப்பப்பா கியர் மாத்தணும்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாய், நான் பதில் சொல்லாமல் ரேடியோவை மட்டும் அணைத்தேன். இரண்டாவது வாரம் ஒரு மேட்டில், நான் சொல்வதற்குள் நீயே தலையைச் சாய்த்து ஒரு நொடி கேட்டுவிட்டு இரண்டாவதுக்கு இறக்கினாய். அந்தத் தலைச் சாய்ப்பு எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அப்படிக் காதால் ஓட்டுகிறவளுக்கு, ஒவ்வொரு மேட்டிலும் கேள்வி கேட்கிற இன்ஜின் வேண்டும். மூன்றாவதில் போட்டால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிற இன்ஜின் உனக்கு இரண்டு மாதத்தில் சலித்துவிடும்.

இரண்டு வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் மிச்சமாகிற பணத்தில் முதலில் டயர் மாற்று. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2316 என்று இருந்தால் 2016-ன் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். இவ்வளவு குறைவாக ஓடிய வண்டி என்று விற்பவர் பெருமையாகச் சொன்னாரே, அப்படியென்றால் முதலில் வந்த டயரே இன்னும் இருக்க வாய்ப்பு அதிகம், பட்டன் தேயாமல் ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். இது பின்சக்கரம் ஓட்டுகிற வண்டி. ஈரச் சாலையில், கல்லாகிப்போன டயரில், வளைவின் நடுவில் மிதித்தால் 131 குதிரைத்திறனே தாராளம் பின்பக்கத்தைத் தூக்கிப் போட. அம்மா தூங்க வேண்டும், நானும் தூங்க வேண்டும், ஆகவே டயர் மாற்றாமல் அந்த வண்டியில் மழையில் இறங்காதே.

சனிக்கிழமை பார்க்கப் போகும்போது, வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. சூடான இன்ஜின் எல்லாக் குறையையும் மறைக்கும். பானெட் மேல் கையை வைத்துப் பார், சில்லென்று இருந்தால் எனக்குப் போன் போட்டுவிட்டு, பானெட்டைத் திறந்து, போனை இன்ஜினுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவரை ஸ்டார்ட் செய்யச் சொல். முதல் ஒரு நிமிஷம் நீ எதுவும் பேசாதே, நானும் பேச மாட்டேன், ரெண்டு பேரும் கேட்போம்.

அன்புடன்,
அப்பா