இருந்தது என்று சொல்லிவிடு

பாப்பா,

மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. சிங்கப்பூரில் வேலை அதிகம், பாலத்தில் நெரிசல் என்று தம்பி சொல்கிறான், சரி. சாப்பிட்டாயா? வெறும் வயிற்றில் பொன்ஸ்தான் வலி மாத்திரை போடாதே. சுங்கை சிப்புட்டில் தினமும் சாயங்காலம் மழை, கோழிக்கூடு ஒழுகுகிறது, வேறு விசேஷம் இல்லை.

உன் சீக்கின் பேரைத் தம்பி காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்தான். எண்டோமெட்ரியோசிஸ். கிளினிக் நர்ஸ் மிஸியிடம் காட்டினேன். கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியே ஒன்று வெளியே, சினைப்பையிலும் குடல் பக்கத்திலும் ஒட்டி வளருமாம், பத்துப் பெண்களில் ஒருத்திக்கு இருக்கிறதாம். மாதாமாதம் கொஞ்சம் ரத்தம் பின்பக்கமாக உள்ளே போவது நிறையப் பேருக்கு உண்டு, உடம்பின் காவல் அணுக்கள் அதைக் கூட்டித் தள்ளிவிடும். சிலருக்கு அந்த அணுக்கள் வந்து சேர்ந்தும் கூட்டாமல், அங்கேயே அழற்சியை உண்டாக்கி, அது வேர்பிடிக்கவும் உதவுகின்றனவாம். காவலுக்கு நின்ற ஜாகாவே திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டுச் சோறும் போட்ட கதை. இது இருக்கிறவர்களுக்கு முடக்குவாதம் மாதிரி சீக்குகளும் கொஞ்சம் கூடுதலாக வருமாம். பெரியம்மாவின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை, மறக்காதே.

இந்த வலியோடவே எஸ்பிஎம் பரீட்சை எழுதி, டிகிரி முடித்து, எனக்கு மாதாமாதம் பணமும் அனுப்புகிறாய். கோயிலில் எல்லாரிடமும் சொல்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. ஆனாலும் ஆபரேஷன் தேதியை நான் தம்பி வாயால்தான் கேட்க வேண்டுமா?

போன மாதம் கேட்டாயே, 'அம்மா, உங்களுக்கும் இப்படி இருந்ததா, டாக்டர் கேட்கிறார்' என்று. நாங்கள் தோட்டத்தில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டினோம், உன்னை மாதிரி படுத்துக் கிடக்கவில்லை என்றேன். பொய். பெரட்டில் பேர் கொடுத்து முடிந்து மர நிரைக்குப் போனால் மூன்றாவது மரத்தடியிலேயே குந்திவிடுவேன், பால் வாளியை வயிற்றோடு அழுத்திக்கொண்டு. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அவ்வளவும் தெரிந்த நான்தான், படிவம் மூன்றில் நீ குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தபோது, நடிக்காதே என்று கையைப் பிடித்து இழுத்துப் பள்ளி பஸ்ஸில் ஏற்றினேன். நான் தாங்கவில்லையா என்ற திமிர்.

தாய்க்கு இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு அதிகமாம். பேரெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும், ஆனால் அம்மாவுக்கும் இதே வலி இருந்தது என்று டாக்டரிடம் சொல்லிவிடு. எந்த வயதில் என்று கேட்டால் பதினான்கு.

தம்பி சனிக்கிழமை வருகிறான், சுடுதண்ணீர்ப் பை கொடுத்துவிட்டிருக்கிறேன். மூடியை நன்றாகத் திருகு, ஒழுகும்.

அம்மா