மார்செய் நகரிலிருந்து கோமதிக்கு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. கண்ணைக் கசக்காதே. உன் குணம் தெரிந்துதான் சொல்கிறேன்.

கடலோர ஊர் என்றால் நாகப்பட்டினம் போலப் புழுங்குமா என்று கேட்டிருந்தாய். புழுக்கமா! பிரான்சின் தென்கரையில் இருக்கும் இந்த ஊரில் மிஸ்ட்ரால் என்று ஒரு காற்று இருக்கிறது. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே வடக்கிலிருந்து இறங்கிவரும் வறண்ட குளிர்காற்று. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் நாள்களும் உண்டு. வானத்தில் ஒரு மேகம் விடாமல் துடைத்துவிடும். வெயில் பளீரென்று அடிக்கும், நமக்கோ பல் கிட்டிக்கும். இந்த வட்டாரத்து வாடைக்காற்று கற்களை உருட்டும், ஆட்களை வண்டியிலிருந்து கீழே தள்ளும் என்று 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர் எழுதிவைத்திருக்கிறார். மிகைப்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

கி.மு. 600 வாக்கில் இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த ஃபொகேயாவிலிருந்து கிரேக்கர்கள் வந்து மாசாலியா என்ற பெயரில் இந்த ஊரை அமைத்தார்கள். உள்ளூர்த் தலைவரின் மகள் கப்பல் தலைவனைக் கணவனாகத் தேர்ந்தெடுத்ததால் நிலம் கிடைத்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். எனக்குக் கதையில் நம்பிக்கை இல்லை, துறைமுகத்தில் இருக்கிறது. பழைய துறைமுகம் குன்றுகளுக்கு நடுவே உள்ளே நுழைந்த குறுகிய வாய்க் கடல்கழி. வெளியே அலை கொந்தளிக்கும்போதும் படகுகள் உள்ளே பத்திரமாக நிற்கின்றன. பிழைக்கத் தெரிந்த மாலுமிகள் வேறு எங்கே இறங்குவார்கள்?

அவர்கள் காலத்துப் படகு ஒன்று 1990களில் துறைமுகத்தருகே மண்ணுக்கடியில் கிடைத்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு, பலகைகளை நூலால் தைத்திருக்கிறார்கள்! சென்னைக் கரையின் மசூலாப் படகையும் இப்படித்தான் கயிற்றால் தைத்தார்கள். வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தக் கிரேக்கப் படகின் முன் நின்றபோது மாப்பிள்ளை பசிக்கிறது என்று இரண்டு முறை நினைவூட்டினார். கி.மு. 49இல் சீசர் ஊரை முற்றுகையிட்டதைப் பற்றியும் அங்கே நிறைய இருக்கிறது. உனக்குத்தான் பிடிக்கும், போர் எனக்கு அலுப்பு.

இன்னும் பழைய செய்தி ஒன்று. நகருக்குத் தெற்கே கலாங்க் என்ற சுண்ணாம்புப் பாறைக் கரையில், கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே ஒரு குகைக்கு வாசல் இருக்கிறது. ஆன்றி கோஸ்கே என்ற முக்குளிப்பவர் 1985இல் கண்டுபிடித்தார். உள்ளே சுவர் ஓவியங்களாகக் குதிரைகள், கடல்நாய்கள், மனிதக் கைத்தடங்கள், பென்குயினைப் போன்ற ஒரு பறவை. சில ஓவியங்களுக்கு 27,000 வயதுக்கு மேல். பனியூழியில் கடல் 100 மீட்டருக்கும் கீழே இறங்கியிருந்ததால் வரைந்தவர்கள் நடந்தே போயிருக்கிறார்கள். கரை பல கிலோமீட்டர் தள்ளி இருந்ததாம். இப்போது கடல் உயர்வதால் நீர் விளிம்பில் இருக்கும் ஓவியங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. 2022இல் திறந்த மாதிரிக் குகையைத்தான் எங்களைப் போன்றவர்கள் பார்க்க முடியும்.

நீ வருவதாக இருந்தால் மே மாதம் வா. ஜூலை, ஆகஸ்டில் காட்டுத்தீ அபாயம் மிகுந்தால் கலாங்க் பாதைகளை மூடிவிடுவார்கள். வரும்போது கம்பளிச் சட்டை ஒன்று கட்டாயம், கூடவே நார்த்தங்காய் ஊறுகாய். விசாவுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடு.

அன்புடன்,
வசந்தா