குதிகாலில் நடந்து பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கிணற்று மோட்டாரைச் சரிசெய்தாகிவிட்டது. எதிர்வீட்டு டீச்சருக்கு மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை மூக்கு வழியாகவே எடுத்துவிட்டார்கள். மண்டையைத் திறக்கவே இல்லை. அக்கா மகளுக்கு ஆவணியில் காதுகுத்து, தேதியைப் பிறகு சொல்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன செருப்பைத் தூக்கிப் போடலாம் என்று எடுத்தேன். இடது செருப்பு நன்றாகத்தான் இருக்கிறது. வலதில் கட்டைவிரல் பக்கம் முனை மட்டும் சீவிவிட்டதுபோல் தேய்ந்திருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் அது காலைவிட்டுக் கழன்றதுகூடத் தெரியாமல் நீ நடந்துகொண்டே இருந்தாய். பேத்தி ஓடிப்போய் எடுத்து வந்தாள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் இடுப்பு வலியைப் பற்றிக் கேட்டால் “வலி குறைந்துவிட்டது அம்மா” என்று சொல்லிவிட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிடுகிறாய். அந்தப் பதில்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. வலி குறைந்து, காலிலும் பலம் இருந்தால் சந்தோஷம். வலி குறைந்து கால் தளர்ந்தால் நரம்பு ஓய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். போன வருஷம் ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க், அதாவது இடுப்பு முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது, பிதுங்கியிருக்கிறது என்றார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாகவே தணிந்துவிடும். பிதுங்கிய பகுதியை உடம்பே கரைத்துக்கொள்ளும். அன்று மாத்திரையோடு காத்திருந்தது சரி. ஆனால் அந்த இடத்தில் நசுங்குவது பெரும்பாலும் எல்5 நரம்பு. பாதத்தையும் கட்டைவிரலையும் மேலே தூக்குவது அதன் வேலை. அது தளர்ந்தால் நடக்கும்போது பாதத்தின் முனை தரையில் உரசும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் மட்டும் நடந்து பார். வலது பாதம் கீழே விழுகிறதா? இரண்டு கட்டைவிரலையும் மேலே தூக்கு, மருமகளை அழுத்திப் பார்க்கச் சொல். வலது சட்டென்று இறங்கினால் அந்த வாரமே நரம்பியல் அறுவை மருத்துவரைப் பார்.

நீ ஏன் தள்ளிப்போடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? பெரிய மாமாவின் முதுகைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. அந்தக் காலத்தில் முதுகை நீளமாகக் கீறி, தசையை எலும்பிலிருந்து உரித்து விலக்கி, எலும்பையும் வெட்டித்தான் டிஸ்க்கைத் தொட்டார்கள். மாமா வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார். ராமமூர்த்தி டாக்டர் 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கிய நரம்பு அறுவைப் பிரிவில்தான் நான் நர்ஸாகப் பயிற்சி எடுத்தேன். அப்படிப் படுத்துக் கிடந்தவர்களை எத்தனை பேரைப் புரட்டிப் படுக்கவைத்திருக்கிறேன்!

இன்று அப்படி இல்லை, தம்பி. 1977இலேயே மைக்ரோஸ்கோப் வைத்துச் சின்னக் கீறலில் டிஸ்க்கை எடுத்துக் காட்டிவிட்டார்கள். 1997இல் குழாய் முறை வந்தது. ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்தான் கீறல். தசையை வெட்டாமல், ஒன்றைவிட ஒன்று பெரிய குழாய்களாக உள்ளே விட்டு நார்களை விலக்கிக்கொண்டே போய், கடைசிக் குழாய் வழியாக நரம்பை மெதுவாக ஒதுக்கி, பிதுங்கியதை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். கேமரா வைத்த மெல்லிய குழாயான எண்டோஸ்கோப்பில் கீறல் இன்னும் சிறியது. பலரை அன்றைக்கே எழுந்து நடக்கவைத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஆனால் தழும்பு சிறியது என்பதற்காக மயங்கிவிடாதே. உள்ளே தொடுவது அதே நரம்பைத்தான். நரம்பைச் சுற்றியிருக்கும் உறை கிழிந்து நீர் கசியலாம், சிலருக்கு அதே டிஸ்க் மறுபடியும் பிதுங்கலாம். மைக்ரோஸ்கோப்போ குழாயோ, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த முறையில் டாக்டரின் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதுதான் முக்கியம். விளம்பரத்தைப் பார்த்துப் போகாதே. உன் காலுக்கு எது பொருந்தும், ஆபரேஷன் வேண்டாம் என்றால் எதனால் வேண்டாம் என்று வாயைத் திறந்து கேள்.

இன்னொன்று. அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும், எனக்கும் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சிறுநீர் வராமல் அடைத்தாலோ, குதிரைச் சேணத்தில் உட்கார்ந்தால் படும் இடம், அதாவது தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும், மரத்துப்போனாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதே. அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. அதற்கு மணிக்கணக்குதான் உண்டு, நாள் கணக்கு இல்லை.

பெங்களூரில் சொந்தமாக வீடு வாங்கியிருக்கிறாய். உன் அப்பா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் கேனை நீதான் தூக்கிக் கவிழ்க்கிறாய் என்று பேத்தி வாயிலிருந்து எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது. இந்த இடுப்போடு தூக்கலாமா? பேத்தியையும் தூக்காதே. ஆபரேஷன் பற்றி எத்தனையோ குடும்பங்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லித் தைரியம் கொடுத்தவள் நான். உன்னிடம் மட்டும் “கால் தளர்ந்துவிட்டதா” என்று நேரில் கேட்க வாய் வரவில்லை. நீ “ஆமாம்” என்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

குதிகாலில் நடந்து பார். டாக்டர் என்ன சொன்னார் என்பதை மருமகள் மூலமாக வேண்டாம், நீயே சொல். ஆபரேஷன் என்று தேதி குறித்தால் தூத்துக்குடி-மைசூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டு வந்துவிடுகிறேன். கீழ்ப்படுக்கை கிடைக்காவிட்டாலும் வருவேன்.

அன்புடன்,
அம்மா