கனடாவின் சாஸ்கட்டூனில் இருக்கும் மகளுக்கு, பூட்ஸ் விஷயமாக

சேலம்,
கார்த்திகை மாதம்.

கண்ணு,

அப்பா எழுதுறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நாலு பக்கம் எழுதப்போறேன், தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான். போன்ல பேசினா நீ "சரிப்பா, சரிப்பா"ன்னு வெச்சிடுவே. அதனாலதான் எழுத்து.

"அப்பாகிட்ட சொல்லாதே"ன்னு அம்மாகிட்ட நீ சொன்ன விஷயம் நேத்து ராத்திரி ரசம் ஊத்தும்போது வெளிய வந்துடுச்சு. அவ வாயில எது நின்னுச்சு, இது நிக்க? நான் கொடுத்துவிட்ட பூட்ஸோட சோல் ரெண்டாவது வாரமே பொலபொலன்னு உதிர்ந்துபோய், நீ ஒரு கால்ல பிளாஸ்டிக் கவரைச் சுத்திக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தியாம். சாப்பாட்டைப் பாதியில வெச்சிட்டு எழுந்துட்டேன்.

அந்தப் பூட்ஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு உனக்கு முழுசா சொல்லலை. ஏற்காட்டு எஸ்டேட்டுக்கு வந்திருந்த ஒருத்தர், கீழே இறங்கினப்ப லேஸ் கொக்கி மாத்தச் சொல்லி நம்ம செருப்புத் தைக்கிற கடையில கொடுத்தது. திரும்பி வரவே இல்லை. ஆறேழு வருஷம் அலமாரி மேல்தட்டுல கிடந்துச்சு. உனக்கு விசா வந்ததும் எடுத்துத் தொடைச்சேன். மேல்தோல் அவ்வளவு அருமையான தோல். பாலிஷ் போட்டு, புது லேஸ் கோத்து, உன் பெட்டியில வெச்சேன். வெளிநாட்டு பூட்ஸ், வெளிநாட்டுக்கே போகட்டும்னு பெருமை வேற.

நான் செஞ்ச தப்பு என்னன்னா, சோலைக் கட்டைவிரலால அழுத்திப் பார்க்கலை. நடுவுல இருந்தது பியு, அதாவது பாலியூரித்தேன். உள்ள காத்துக் குமிழி வெச்ச நுரை மாதிரியான சரக்கு அது. இலேசா இருக்கும், மெத்துன்னு இருக்கும். ஆனா காத்துல இருக்கிற ஈரம் வருஷக்கணக்குல அதை உள்ளுக்குள்ளயே பிரிச்சிடும். கால்ல போடாம வெச்சிருந்தாலும் பிரியும். பார்வைக்குத் தெரியாது. நகத்தால கீறினா மாவா கொட்டும். கடைக்கு வர்றவங்க செருப்பையெல்லாம் அழுத்திப் பார்க்கிறவன் மகளோடதை அழுத்திப் பார்க்கலை. பனி மேல பழி போடாதே, பூட்ஸ் மேலயும் போடாதே.

இப்ப புதுசு வாங்கணும். உடனே வாங்கு. டாலர் விலையை ரூபாயா பெருக்கிப் பார்க்காதே. உங்க அம்மா பெருக்கிப் பார்த்துட்டு "இவ்வளவு ஆகுமே"ன்னா. ஆகட்டும்.

நான் பனி பார்த்தவன் இல்லை. ஏற்காட்டுல டிசம்பர் ராத்திரி 12 டிகிரிக்கே மப்ளர் கேக்கிற ஆளு. ஆனா கடை போடுறதுக்கு முன்னாடி ஆம்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில ஒம்பது வருஷம் லாஸ்டிங் செக்‌ஷன்ல நின்னேன். குளிர் தேசத்துக்குப் போற பூட்ஸை அச்சுக்கட்டையில இழுத்து இழுத்துப் போட்ட கை இது.

முதல்ல அளவு. நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். குளிருக்கு இறுக்கமா இருக்கணும்னு நினைப்பாங்க. இறுக்கினா ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடலைன்னா எந்தக் கம்பளி வெச்சும் விரல் சூடாகாது. சூடு பூட்ஸ்ல இருந்து வர்றதில்லை கண்ணு, உன் கால்ல இருந்துதான் வருது. பூட்ஸ் அதை வெளிய விடாம வெச்சுக்குது, அவ்வளவுதான். சாயங்காலமா கடைக்குப் போ, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீ வயல்ல போடப்போற அதே தடிமன் கம்பளி சாக்ஸைப் போட்டுக்கிட்டு நில்லு. முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், விரல் அஞ்சும் உள்ள ஆடணும். நடந்தா குதிகால் மேலே தூக்கக் கூடாது. ரெண்டு சாக்ஸ் போட்டுத் திணிக்கிற வேலை வேண்டாம். பருத்தி சாக்ஸும் வேண்டாம். நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவாமிர்தம். அங்க வேர்வையைக் குடிச்சுக்கிட்டு ஐஸ் மாதிரி ஒட்டிக்கும்.

அட்டையில "மைனஸ் 40 தாங்கும்"னு போட்டிருப்பான். அதை ரொம்ப நம்பாதே. கம்பெனிக்குக் கம்பெனி அளக்கிற விதம் வேற. நடந்துக்கிட்டே இருக்கிறவனுக்கு ஒரு கணக்கு, நின்ன இடத்துல நிக்கிறவனுக்கு ஒரு கணக்கு. உன் வேலை நிக்கிற வேலை. பனிக்கு அடியில குழாய் இறக்கி மண் எடுத்து, பையில போட்டு, சீட்டு எழுதி ஒட்டணும்னு சொன்னியே. 200 கிராம், 400 கிராம், 800 கிராம்னு உள் பஞ்சுக்கு ஒரு எண் இருக்கும். பூட்ஸோட எடை இல்லை அது, ஒரு சதுர மீட்டர் பஞ்சோட எடை. நடைக்கு 200, 400 போதும். உனக்கு மேல்பக்கம் போறதுதான் சரி.

என்னைக் கேட்டா, கீழ்ப்பாதி ரப்பர், மேல்பாதி தோல், உள்ள கழட்டி எடுக்கிற மாதிரி ஃபெல்ட் உறை, அதாவது அமுக்கின கம்பளி உறை, இருக்கிற ஜோடியை வாங்கு. மைனஸ் 30-ல பனி மணல் மாதிரி உலர்ந்து கிடக்கும்னு நீதானே சொன்னே. அப்ப வெளிய இருந்து வர்ற தண்ணியை விட உள்ள ஊறுற வேர்வைதான் சத்துரு. ராத்திரி உறையை வெளிய உருவிக் காயப்போட்டா காலையில மொறுமொறுன்னு இருக்கும். தைச்சு ஒட்டின பஞ்சை அப்படிக் காயவைக்க முடியாது. ஹீட்டர் மேல மட்டும் பூட்ஸை வெச்சிடாதே, தோல் அப்பளமா வெடிச்சிடும். பழைய பேப்பரைக் கசக்கி உள்ள திணிச்சா போதும், நம்ம கடையில ஐப்பசி மழைக்குச் செய்யறதுதான்.

லேஸுக்கு அடியில இருக்கிற நாக்கை ரெண்டு பக்கமும் மேல்தோலோட சேர்த்துத் தைச்சிருக்கான்னு பாரு. தனியா தொங்கினா அந்தச் சந்துலதான் பனி இறங்கும். பனி உருகுற மாசத்துல இது முக்கியம்.

இனி சோல். பல் ஆழமா இருந்தா வழுக்காதுன்னு நினைக்காதே. பல்லு புதைபனிக்குத்தான் கடிக்கும். கண்ணாடி மாதிரி ஐஸ்ல ரப்பர்தான் பிடிக்கணும். சாதா ரப்பர் குளிர்ல கட்டையாயிடும். கடையிலயே சோலை வளைச்சுப் பாரு, பலகை மாதிரி விறைச்சா வெச்சிட்டு வா. டொராண்டோவுல ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல ஐஸ் தரையைச் சாய்ச்சு, ஆளை பூட்ஸ் போட்டு நடக்கவிட்டு அளக்கிறாங்களாம். தம்பி படிச்சுக் காட்டினான். 7 டிகிரி சரிவுல வழுக்காம நின்னா மார்க்கா ஒரு பனிப்பூ, 11-க்கு ரெண்டு, 15-க்கு மூணு. உங்க ஊர்க்காரங்க கணக்குதானே, வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பாரு. எனக்கு அந்த வேலை கிடைச்சிருந்தா சம்பளம் இல்லாம செஞ்சிருப்பேன். செருப்புக்கு அடியில மாட்டுற முள்ளும் ஒரு ஜோடி வாங்கிக்கோ. ஆனா கட்டடத்துக்குள்ள போகும்போது கழட்டிடு, வழவழ தரையில அதுவே தள்ளிவிடும்.

இரும்பு மூக்கு வெச்ச பூட்ஸ் ஆபீஸ்ல கேட்காத வரைக்கும் வேண்டாம். மாக்னசைட் சுரங்கத்துல வேலை செய்றவங்க தைக்கக் கொண்டுவருவாங்களே, அந்த மாதிரி பூட்ஸ். இரும்பு சில்லுன்னு விரல்ல இறங்கும். கட்டாயம்னா இரும்புக்குப் பதிலா வேற பொருள்ல மூக்கு செஞ்சது கிடைக்கும், அதைக் கேளு.

ரோட்டுல கொட்டுற உப்பு தோல்ல வெள்ளையா பூக்கும். தண்ணியில கொஞ்சம் வினிகர் விட்டு ஈரத்துணியால தொடைச்சிடு. கலர் உன் இஷ்டம்.

நேத்து மளிகைக் கடையில மைசூர் பருப்பு மூட்டை இறங்குச்சு, கனடா சரக்குன்னு சொன்னாங்க. நீ நிக்கிற மண்ணுல விளைஞ்சதோ என்னமோ. அம்மா அரைக் கிலோ வாங்கி வெச்சிருக்கா, எதுக்குன்னு கேட்டா சொல்லமாட்டேங்கிறா.

ஒண்ணு செய். இன்னிக்குச் சாயங்காலம் அந்தச் சாக்ஸைப் போட்டுக்கிட்டு, ரெண்டு பேப்பர் மேல நின்னு கால் சுத்திப் பென்சிலால வரைஞ்சு, பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சுப் போட்டோ அனுப்பு. கடைக்காரன் சொல்ற நம்பரை நான் சரிபார்த்துச் சொல்றேன், அதுக்கப்புறம் காசு கொடு. உட்கார்ந்துக்கிட்டு வரையாதே, எடை முழுக்கக் கால்ல இறங்கணும். பென்சிலைச் சாய்க்காம பிடி. வலது காலுக்குத்தான் அளவு எடுக்கணும், உனக்குச் சின்ன வயசுல இருந்தே அது ஒரு நெல்லு பெருசு.

அப்பா