கோப்பி மெசினை அடைப்பது கிணற்றுத் தண்ணீர்

ஆசிரியர் அவர்கட்கு,

கனடா, லண்டன், சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும், அழுத்தத்தில் கோப்பி இறக்கும் எஸ்பிரஸோ மெசின்களை வன்னி வீடுகளிலும் இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காண்கிறோம். ஆறு மாதம் நன்றாக ஓடும். பிறகு தண்ணீர் தள்ளும் பம் உறுமும், கோப்பி நூலாக வராமல் சொட்டும், ஆவி இளைக்கும். 'சாமான் பழுது' என்று துணியால் மூடி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். அவற்றில் அநேகமானவை பழுதானவை அல்ல, அடைபட்டவை. அடைத்தது எங்கள் கிணற்றுத் தண்ணீரும், கழுவாமல் விட்ட கோப்பி எண்ணெயும்.

மெசினுக்குள் தண்ணீர் போகும் வழிகளில் சில ஊசித்துளை அளவுதான். கல்லுத் தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியம் சூடுபட்டதும் வெள்ளைக் கல்லாகி, சூடாக்கும் உலோகத்தின் மேலேயே படிகிறது. அந்தப் படை கம்பளி போர்த்தியது மாதிரி. உள்ளே கம்பி அளவுக்கு மீறிக் கொதிக்கும், வெளியே தண்ணீர் சூடாகாது. பிறகு படை பொருக்காகக் கழன்று வால்வுக்குள் போய்ச் சிக்கும். பம் உறுமுவது அப்போதுதான்.

ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு. இரணைமடு வாய்க்கால் ஓரத்துக் கிணறும் மேட்டுக்காணிக் குழாய்க்கிணறும் ஒன்றல்ல. அதை அறியப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை, உங்கள் வீட்டுக் கேற்றிலின் அடியைப் பாருங்கள். தேய்த்துக் கழுவி ஒரு கிழமைக்குள் வெள்ளை பிடித்தால், அந்தத் தண்ணீரை அப்படியே மெசினில் ஊற்றக்கூடாது. பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி, இரவு முழுக்க ஆறவைத்து, அடிமண்டி கலங்காமல் மேல்தண்ணீரை மட்டும் துணியால் வடித்தெடுங்கள். கல்லில் பெரும்பங்கு பானையோடு நின்றுவிடும். சவர் மட்டும் கொதிக்கவைத்தால் போகாது. அதிலுள்ள குளோரைட்டு துருப்பிடிக்காத உருக்கையே புள்ளி புள்ளியாகத் தின்னும். நாக்கில் சவர் தெரிகிற தண்ணீரை இந்த மெசின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

சிறுநீரக நோய்ப் பயத்தால் இப்போது பல ஊர்களில் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளி உப்பு நீக்கிய தண்ணீர், கிடைக்கிறது. அதுதான் நல்லதென்று தனி ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுகிறவர்கள் உண்டு. கல் பிடிக்காது, உண்மை. ஆனால் உப்புச்சத்தே இல்லாத தண்ணீரில் கோப்பி சப்பென்று இருக்கும். சில மெசின்களில் தண்ணீர் மட்டத்தை அறியும் முனை, தண்ணீரில் மின் கடத்துவதை வைத்தே வேலை செய்கிறது. தண்ணீர் மிகத் தூய்மையாக இருந்தால் அதற்குத் தண்ணீர் இருப்பதே தெரியாது. மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரு பங்கு, மேலே சொன்னபடி வடித்த கிணற்றுத் தண்ணீர் கலந்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

படிந்த கல்லை எடுக்க வினாகிரியும் வேண்டாம், தேசிக்காய்ப் புளியும் வேண்டாம். வினாகிரி மணம் கிழமைக் கணக்கில் நிற்கும், றப்பர் வளையங்களுக்கும் கூடாது. தேசிக்காய்ச் சாற்றிலுள்ள சக்கையும் சீனியும் உள்ளே ஒட்டும். கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் சிற்றிக் அசிட் போதும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 கிராம், அதாவது மட்டமாக ஏறக்குறைய ஒன்றரை மேசைக்கரண்டி. பச்சைத் தண்ணீரில் அல்லது இளஞ்சூட்டில் கரையுங்கள். அதிக சூட்டில் இந்த அசிட்டும் கல்சியமும் சேர்ந்து இன்னொரு வெள்ளைத் தூளாகப் படியும்; கல்லை எடுக்கப் போய்க் கல்லை வைத்த கதைதான். தொட்டிக்குள் வடிகட்டிக் குப்பி இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். மெசினைப் போட்டு, முழுச் சூடு ஏறுமுன் கோப்பி வரும் தலை வழியாக ஒரு கோப்பை, ஆவிக்குழாய் வழியாக ஒரு கோப்பை இழுத்துவிட்டு நிறுத்துங்கள். கால் மணித்தியாலம் ஊறட்டும். தொட்டி முடியும்வரை இப்படியே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உள்ளே அலுமினியக் கொதிகலன் என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிட வேண்டாம், அசிட் அலுமினியத்தையும் அரிக்கும். இந்த வேலைக்கென்றே தனிப் பொத்தான் உள்ள மெசினென்றால் அதன் புத்தகம் சொல்கிறபடி செய்வதே சரி. கடைசியில் இரண்டு தொட்டி நல்ல தண்ணீர் ஓடவேண்டும். நாள்பட்ட கல்லை ஒரே நாளில் கரைக்கிறேனென்று அசிட்டை இரட்டிப்பாக்குவோர் உண்டு. பெரிய பொருக்கு மொத்தமாகக் கழன்று முழுவதையும் அடைத்துவிடும். மெல்லிய கரைசலில் இரண்டு தரம், ஒரு கிழமை இடைவெளியில் செய்வது மேல்.

கல் வேறு, எண்ணெய் வேறு. சிற்றிக் அசிட் கோப்பி எண்ணெயை எடுக்காது. தலைக்குக் கீழே, தண்ணீர் தூறும் சல்லடைத் தட்டை நடு ஆணியைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். மாதக் கணக்கில் கழுவாததென்றால் கறுப்புத் தார் மாதிரி ஒன்று விரலில் ஒட்டும், மணந்தால் ஊசிப்போன எண்ணெய். ஒவ்வொரு கோப்பியிலும் நீங்கள் குடிப்பது அதையும்தான். தட்டையும் தூள் போடும் வடியையும் கொதிநீரில் சோடியம் பேர்காபனேற் உள்ள கோப்பி மெசின் கழுவும் தூள் ஒரு தேக்கரண்டி போட்டு இருபது நிமிடம் ஊறவிட்டு, பழைய பல்லுத் தூரிகையால் தேய்த்தால் பளிச்சென்று வரும். வடியைத் தாங்கும் கைபிடியின் பிளாஸ்ரிக், மரப் பகுதி அந்தத் தண்ணீரில் படக்கூடாது.

தலைக்கு உள்ளே கழுவ ஓட்டையில்லாத வடி ஒன்று வேண்டும். அதில் அதே தூள் அரைத் தேக்கரண்டி போட்டு, கைபிடியைப் பூட்டி, பத்து விநாடி பம்மை ஓடவிட்டு நிறுத்துங்கள். அழுக்குத் தண்ணீர், கோப்பை வைக்கும் கீழ்த் தட்டில் பீறிட்டு வரும். ஐந்து தரம். பிறகு தூள் இல்லாமல் அதே மாதிரி ஐந்தாறு தரம். இது அழுத்தத்தை வெளியே விடும் மூவழி வால்வு உள்ள மெசினுக்கு மட்டும். கோப்பி இழுத்து முடிந்ததும் கீழ்த் தட்டுக்குள் 'புஸ்' என்று தண்ணீர் தள்ளினால் அந்த வால்வு இருக்கிறது. அது இல்லாத மலிவு மெசினில் இப்படிச் செய்தால் அழுத்தம் உள்ளேயே நிற்கும், கைபிடியைக் கழற்றும்போது கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஆவிக்குழாயைப் பால் கொதித்த கையோடு ஈரத்துணியால் துடைத்து, இரண்டு விநாடி ஆவியைத் திறந்துவிடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் குழாய் ஆறும்போது பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும், அடுத்த நாள் அது காய்ந்த சீமெந்து. முனைத் துளைக்கு ஒரு தையல் ஊசி போதும். பால்மா கரைத்து நுரைப்பதானாலும் இதேதான். பாலைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தூளைப் பற்றியும் சொல்லவேண்டும். மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு இடித்த எங்கள் வீட்டுக் கோப்பித்தூளுக்கு இந்த மெசின் ஏற்றதல்ல. மாவாக இருப்பதால் வடியை அடைத்துவிடும், மல்லி மணம் பிறகு போகவும் போகாது. அதைச் சுடுதண்ணீர் ஊற்றிப் பனங்கட்டியோடு குடிப்பதே அழகு. மெசினுக்கு வறுத்த கொட்டையை அப்போதைக்கப்போது அரைக்கவேண்டும். இரட்டை வடியில் 18 கிராம் போட்டால் 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் கோப்பி இறங்கவேண்டும். பதினைந்து விநாடியில் ஓடிவந்தால் அரைப்பு கரடு; நாற்பது விநாடியாகியும் சொட்டினால் அரைப்பு மாவு. புட்டுக் குழலில் மாவை அமத்தினால் ஆவி ஏறாது என்று எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். இங்கே நேர்மாறு. தூளை மட்டமாகப் பரப்பி ஒரே சீராக அமத்தாவிட்டால், தண்ணீர் இளகின பக்கத்தால் வழி கண்டுபிடித்து ஓடிவிடும்; ஒரு பக்கம் கசப்பும் மறுபக்கம் புளிப்புமாக ஒரு கோப்பை கிடைக்கும்.

கரண்ட் விடயம். கனடாவில் வாங்கியது 120 வோல்ற். எங்கள் கரண்ட் 230. அடப்டர் பிளக் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும். அதை நம்பிக் குத்தினால் சூடாக்கும் கம்பி மூன்றரை மடங்குக்கு மேல் வலுவில் எரிந்து முடிந்துவிடும். வோல்ற்றைக் குறைக்கும் பெட்டி வைத்தாலும் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த பம் இங்கே 50இல் மெதுவாகத்தான் துடிக்கும். ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலிருந்து வருவதற்கு பிளக்கை மாற்றினால் போதும். 1,450 வாற்ஸ் மெசின் ஆறு அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய 5 அம்பியர் உருண்டை முள் பிளக்கில் போட வேண்டாம். பின்னேரம் மின்குமிழ் மங்கும் வீடுகளில் வோல்ற் 190க்கு இறங்கினால் அதே மெசினின் சூடு 1,000 வாற்ஸ் அளவுக்கு வந்துவிடும். அப்போது கோப்பி புளித்தால் கொட்டையைக் குறை சொல்லாமல் காலையில் போட்டுப் பாருங்கள்.

கீழ்த் தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றன்றைக்கு ஊற்றிவிடவேண்டும். பூச்சாடித் தட்டையும் ரயரையும் கவிழ்த்து வைக்கிற நாங்கள் குசினிக்குள் இருக்கும் இந்தத் தட்டை மறந்துவிடுகிறோம். நுளம்புக்கு அவ்வளவு தண்ணீர் தாராளம்.

மெசின் அனுப்புகிற வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். அதே பெட்டிக்குள் அந்த மெசினின் அளவுக்கு ஓட்டையில்லாத வடி ஒன்றும், கழுவும் தூள் ஒரு பேணியும், தலையில் போடும் றப்பர் வளையம் இரண்டும் வைத்துவிடுங்கள். அந்த வளையம் சூட்டில் கிடந்து இறுகினால் கைபிடியின் ஓரத்தால் தண்ணீர் ஒழுகும். எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் நிற்காது, கைபிடியின் காதுதான் தேயும். வடி 51, 54, 58 மில்லிமீற்றர் என்று மெசினுக்கு மெசின் அளவு வேறு, வளையமும் அப்படியே. பொருத்தமானது இங்கே கடையில் கிடைப்பது அரிது.

இப்படிக்கு,
மின்னுபகரணம் திருத்துபவர்,
கிளிநொச்சி