தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வக்காலத்து: மாநில பார் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் பெருந்துறைப் பக்கம் விபத்தில் அடிபட்டு வருகிறவரின் குடும்பத்தை வழக்குப் பிடிக்கும் புரோக்கர்கள் எப்படிச் சூழ்ந்துகொள்கிறார்கள் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பொங்கல் கழிந்த வாரத்தில், விசைத்தறி ஓட்டும் எங்கள் உறவினர் ஒருவர் லாரி மோதி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றிருந்த அவருடைய மனைவியிடம் ஒருவர் வந்து, "ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ்ல பணம் வருமுங்கக்கா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்றார். எங்கள் கைக்கு இன்னும் வந்துசேராத முதல் தகவல் அறிக்கையின் நகல் அவரிடம் இருந்தது. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டுச் செவிலியர் சற்று முன்புதான் கையெழுத்து வாங்கியிருந்ததால், இதுவும் மருத்துவமனைத் தாள்தான் என்று நம்பி அந்தப் பெண் கையெழுத்திட்டார். அது வக்காலத்து, அதாவது தமக்காக வழக்கு நடத்த ஒரு வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரம்; அதனுடன் எதுவும் எழுதப்படாத முத்திரைத்தாள் ஒன்றும் இருந்தது. பின்னர் வேறு வழக்கறிஞரை அமர்த்த விரும்பி, அந்த வக்காலத்தைப் பெற்ற வழக்கறிஞரிடம் ஆட்சேபனையில்லை என்ற கையொப்பம் கேட்டபோது, வரும் இழப்பீட்டில் நூற்றுக்கு முப்பது தருவதாக எழுதிக் கொடுத்தாலன்றி வழக்குக் கட்டைத் தர இயலாது என்று பதில் வந்தது. கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டை வழக்கறிஞர் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருப்பதைப் பாவம், அந்த வழக்கறிஞர் அறிந்திருக்கவில்லை போலும்.

வழக்கறிஞர்களின் நடத்தைக்கான இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-ஆவது, தரகர் வழியாகவோ நேரிலோ வழக்குத் தேடுவதைத் தடுக்கிறது. 20-ஆவது, கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதைத் தடுக்கிறது. தரகருக்கு 2023-இன் வழக்கறிஞர்கள் திருத்தச் சட்டம் மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அந்த 500 ரூபாய்க்கு இன்று ஒரு ஸ்கேன்கூட எடுக்க முடியாது.

முறையான புகார் வந்தால் விசாரிப்போம் என்று தாங்கள் கூறக்கூடும். எவரிடம் வழக்குக் கட்டு சிக்கியிருக்கிறதோ அவர் மீதே, கணவர் படுக்கையில் கிடக்கும் பெண் எப்படிப் புகார் எழுதுவார்? வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவு "புகாரின் பேரிலோ வேறு வகையிலோ" என்றுதானே சொல்கிறது. ஆகவே புகாருக்குக் காத்திராமல் தாங்களே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

விபத்துத் தகவலை 48 மணி நேரத்துக்குள் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் கடமை 2022 முதல் காவல் துறைக்கு உண்டு. அத்தகவல் எங்களைவிட முன்பாகத் தரகர் கைக்குப் போவது எப்படி என்பதைக் காவல் துறையும் மருத்துவமனைகளும் விளக்கட்டும். ஆம்புலன்ஸ் முதல் பிணவறை வரை எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு விலை இருக்கிறது என்றுதான் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது வேறு துறையின் விவகாரம். தங்களிடம் கேட்பது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதை மட்டுமே.

ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டத் தீர்ப்பாயங்களில் விபத்து நடந்த சில நாட்களுக்குள் கையெழுத்தான வக்காலத்துகளை எடுத்துப் பாருங்கள். ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று கவனியுங்கள். வந்தால், எவரும் புகார் தரும்வரை காத்திராமல் விசாரணையைத் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதைப் பெரும்பாலான நேர்மையான வழக்கறிஞர்களும் வரவேற்பார்கள். எங்களுக்கு இப்போது வாதாடுகிறவரும் அவர்களுள் ஒருவர்.

இப்படிக்கு,
பவானியிலிருந்து ஒரு விசைத்தறிக் குடும்பத்தின் உறவினர்