செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் வானியல் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும், மறுபடி பயன்படுத்தக்கூடிய விண்கலங்கள்தான் இந்த ஆண்டின் தலைப்பு. "நிலா, செவ்வாய் எல்லாம் இருக்க, சரக்கு வண்டியா?" என்று செயற்குழுவிலேயே முணுமுணுப்பு. முதல் கூட்டத்துக்கு அப்புறம் அது அடங்கிவிட்டது.

சரக்கை மேலே அனுப்புவது பழைய வேலை. 1978-இல் சல்யூட் 6 நிலையத்துக்குப் போன சோவியத்தின் புரோகிரஸ் தொடங்கி வைத்தது. ஆனால் புரோகிரஸும் அமெரிக்காவின் சிக்னஸும் கடைசியில் நிலையத்தின் குப்பையை ஏற்றிக்கொண்டு வளிமண்டலத்தில் எரிந்துபோகின்றன. ரத்த மாதிரியையோ பழுதான பம்பையோ கீழே கொண்டுவர அவற்றால் ஆகாது. பொருள்களைக் கீழே கொண்டுவந்துகொண்டிருந்த அமெரிக்காவின் ஷட்டில் விண்கலம் 2011-இல் ஓய்வுபெற்றதும் இந்தச் சிக்கல் பெரிதானது. அடுத்த ஆண்டு மே மாதம் நிலையத்தை எட்டிய ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் அதைத் தீர்த்தது. 2014-இல் போய்வந்த ஒரு டிராகன் கூடு 2017 ஜூனில் மறுபடி சரக்கோடு போனது. 2020 டிசம்பரில் வந்த புதிய வகை, ரோபோ கையின் உதவியில்லாமல் தானே நிலையத்தோடு இணைகிறது.

மறுபயன்பாடு என்றாலும் முழுசாக அல்ல. டிராகன் கூட்டுக்குப் பின்னால் பொருத்தியிருக்கும் உருளை ஒவ்வொரு முறையும் கழற்றி விடப்படுகிறது. எரிந்துவிடும் என்று நம்பிய அதன் துண்டுகள் 2022-இல் ஆஸ்திரேலிய வயல்களில் கிடைத்தன. அதனால் டிராகன் இறங்கும் இடத்தையே புளோரிடாவிலிருந்து கலிபோர்னியா பக்கம் மாற்றி, மிச்சம் பசிபிக்கில் விழும்படி செய்திருக்கிறார்கள். விளம்பரப் படங்களில் இந்த உருளையைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள்!

இறக்கைகளோடு ஓடுதளத்தில் இறங்க வேண்டிய இன்னொரு அமெரிக்கச் சரக்குக் கலமான டிரீம் சேசருக்கு 2016-இல் ஒப்பந்தம் கிடைத்தது. அது தள்ளித் தள்ளிப் போன கதையைக் கல்லூரி உறுப்பினர்கள் சுவையாகச் சொன்னார்கள்.

நம்மூர்க் கதைக்குத்தான் கூட்டம் அதிகம். 2007 ஜனவரியில் இஸ்ரோ அனுப்பிய 550 கிலோ கலம், விண்ணிலிருந்து திரும்ப மீட்டெடுப்பதற்கான சோதனைக்காக, சுமார் 12 நாள் பூமியைச் சுற்றிவிட்டு வங்காள விரிகுடாவில் இறங்கியது. அதைக் கரைக்குக் கொண்டுவந்தது நம் எண்ணூர் துறைமுகத்துக்கு. வடசென்னை உறுப்பினர்களிலேயே பலருக்கு இது புதுச் செய்தி. இஸ்ரோவின் இறக்கைக் கலமான புஷ்பக், 2023-லும் 2024-லும் கர்நாடகாவின் சித்ரதுர்கா அருகே ஹெலிகாப்டரிலிருந்து விடப்பட்டுத் தானாகத் தரையிறங்கியது. ஆனால் அது சுற்றுப்பாதையிலிருந்து திரும்பவில்லை. அப்படித் திரும்பும்போது வளிமண்டலத்தில் எழும் வெப்பத்தைத் தாங்குவதுதான் பெரிய பரீட்சை.

பாராசூட்டில் முட்டை இறக்கும் போட்டியைப் பிள்ளைகள் மொட்டைமாடியில் நடத்தினார்கள். கீழ்வீட்டாரிடம் அடுத்த முறை முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

ஸ்ரீஹரிகோட்டா ஏவுதலைப் பார்க்க வண்டி வைப்பது பற்றி இன்று முடிவெடுக்க வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் போகும்முன் பொருளாளரைப் பார்க்கவும். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்